அடுப்பு மாஸ்டரின் குமிழ்கள்

வேலையில் ஒருவனுடைய மதிப்பு எதில் இருக்கிறது என்று பேச்செடுத்தால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். படித்தவர்கள் அதற்கென்று வகுப்பே நடத்துகிறார்கள். நான் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். மாவு மூட்டை தூக்கினவன். பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுக்கிற இடத்துக்கு வந்தவன். இன்றைக்கு நான் உள்ளே நுழைந்தால் பேங்கில் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு எவனுடைய சிபாரிசும் வேண்டாம். ஆனால் என் கதை கிடக்கட்டும், அது நன்றாக முடிந்த கதை. நன்றாக முடியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் மாவு இறக்கிய பிஸ்கட் கம்பெனியில் அடுப்பு மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார்.

அடுப்பு என்றால் வீட்டு அடுப்பு இல்லை. ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்து கூரைக்குக் கீழே நிறுத்தினால் எப்படி இருக்கும், அந்த நீளம். இந்த முனையில் இரும்பு பெல்ட்டின் மேல் மாவு வில்லைகள் வெளுத்துப்போய் உள்ளே போகும். அந்த முனையில் சிவந்து, மணத்துக்கொண்டு வெளியே வரும். நடுவில் மேலும் கீழும் எரிவாயுத் தீ. அந்தத் தீயைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் வரிசையாகக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் ஒரு வட்டத் தகடு, அதில் எண்கள். மாவின் ஈரம் மூட்டைக்கு மூட்டை மாறும், வெளியே மழை பெய்தால் மாறும். அதற்குத் தகுந்தபடி குமிழ்களைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரி. கொஞ்சம் பயந்தால் பச்சை மாவு.

மாஸ்டர் அந்தக் கம்பெனிக்குத் தட்டு கழுவுகிறவராக வந்தவர். அவருக்கு முன்னால் அடுப்பைப் பார்த்துக்கொண்ட கிழவர் யாருக்கும் எதையும் சொல்லித் தராத ஆள். கிட்டே யாராவது வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு குமிழைத் திருப்புவார். மாஸ்டர் தட்டு கழுவிக்கொண்டே, கழுவிய தட்டின் பளபளப்பில் தெரிகிற நிழலைப் பார்த்துப் பார்த்துத் தொழிலைத் திருடினார். திருடினேன் என்று அவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அதில் தப்பில்லை. தப்பு, அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தில்தான் இருந்தது. தனக்குத் தெரிந்தது தன்னிடமே இருக்கிறவரைக்கும்தான் தனக்கு மரியாதை என்று அவர் மனதில் அன்றைக்கே ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

கிழவர் போய் மாஸ்டர் அந்த இடத்துக்கு வந்தபின், கம்பெனி அவருக்குத் துணையாக ஓர் ஆளைப் போட்டது. அமைதியான ஆள், கண்ணும் கருத்துமாக இருப்பார். தகட்டு எண்ணைப் பார்ப்பார், பிஸ்கட்டைப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொள்வார். இவன் இன்னும் கொஞ்ச நாளில் கற்றுக்கொண்டுவிடுவான், அப்புறம் நான் எதற்கு என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அடுப்பு ஆறிக்கிடந்த ஒரு விடுமுறை நாளில், துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லித் தனியாக வந்தார். சின்னத் திருப்புளியால் ஒவ்வொரு குமிழின் திருகாணியையும் தளர்த்தினார். குமிழைக் கழற்றிக் கோணலாக மாட்டி மறுபடி இறுக்கினார். ஒன்றைக் கொஞ்சம், ஒன்றை நிறைய, ஒன்றை எதிர்ப்பக்கம். தகடு ஒன்று சொல்லும், தீ வேறொன்று சொல்லும். எது எவ்வளவு கோணல் என்பது அவர் கைக்கு மட்டும் தெரியும். இது பின்னாளில் அவரே என்னிடம் சொன்னது.

கொஞ்ச நாள் கழித்து மாஸ்டர் காய்ச்சல் என்று லீவு போட்டார். துணையாள் இயந்திரத்தோடு வந்த அட்டையில் போட்டிருந்தபடி எண் தவறாமல் வைத்தார். ஒரு பெல்ட் முழுக்கக் கரியாக வெளியே வந்தது.

"நம்பர் சரியாத்தான் சார் வெச்சேன்" என்று அந்த ஆள் அன்றைய மேனேஜரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சரியா வெச்சா கருகுமா? அடுப்புக்கு உன் மேல கோபமா?"

அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள். மாஸ்டரைக் காய்ச்சலோடு காரில் கூட்டிவந்தார்கள். அவர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு குமிழைத் திருப்பினார், பிஸ்கட் பொன் மாதிரி வந்தது. அன்றிலிருந்து அவர் அடுப்பு மாஸ்டர்.

பிறகு ஜோடனை ஏற ஆரம்பித்தது. அடுப்பின் இரும்புச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூக்கை உறிஞ்சுவார். கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒன்றுக்கும் அவசியம் இல்லை, எல்லாம் வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக. புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து வந்து எரிவாயுக் கசிவைச் சோதிக்கிற ஆளிடம், "குமிழுங்களை மட்டும் தொடாதீங்க தம்பி, என் கைக்குப் பழகினது" என்று சொல்லிவிடுவார். அந்த ஆளுக்கும் வேலை மிச்சம்.

அவருடைய பெரிய பெருமை மகள் கல்யாணத்தன்று நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், இவரும் மனைவியும் பக்கத்தில், போட்டோ எடுக்கிறவர் "சிரிங்க சார்" என்கிறார். பாக்கெட்டில் போன் அடித்தது. கம்பெனி. பிஸ்கட் பச்சையாக வருகிறதாம், வண்டி அனுப்பியிருக்கிறார்களாம். சம்பந்தி வீட்டார் முன்னிலையில், "பாத்தீங்களா, நான் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் புதுச்சட்டையோடு கிளம்பிப் போனார். அந்தப் போட்டோவில் அவர் இல்லை. மனைவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்களிடம் அந்த வெற்றிடத்தைக் காட்டித்தான் அவர் பேச ஆரம்பிப்பார்.

"ஊருக்கே அடுப்பு மாஸ்டர்" என்பாள் அவர் மனைவி. "வீட்டுல ஒரு வெந்நீர் போடத் தெரியுமான்னு கேளுங்க."

"அந்த அடுப்புல நம்பர் இல்லையேடி."

"கம்பெனி அடுப்புல நம்பர் இருந்தாலும் நீங்க பாக்கறதில்லைன்னு சொன்னாங்களே?"

அவர் சிரித்து மழுப்புவார்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். மாவு பிசைகிற அறையிலிருந்து ஒருவர் சூப்பர்வைசர் ஆனார். கிடங்கில் இருந்தவர் சூப்பர்வைசர்களின் கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் மேனேஜர் இவரிடம் சொன்னது ஒன்றுதான்: "உங்களை அங்கேருந்து எடுத்தா கம்பெனி நின்னுடும் மாஸ்டர்." மாலை போட்ட மாதிரி அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்த மாலையே அவரை அந்த இடத்தில் கட்டிப் போட்ட கயிறு என்பது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு அன்றைக்கே உறைத்தது. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்பதால் சொல்லவில்லை.

கண்ணில்தான் வந்தது வினை. தீயைப் பார்ப்பதற்காக அடுப்பின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதில் முகத்தை வைத்து வைத்து, கண்ணை அனல் தின்றுவிட்டது. முதலில் எல்லாம் புகைபிடித்த மாதிரி தெரிந்தது. பிறகு வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகின. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்.

"புரை மட்டும்னா எடுத்துடலாம். உள் நரம்பும் கெட்டிருக்கு. அனல் முன்னாடி நிக்கறத உடனே விடணும்."

"விடலன்னா?"

"கொஞ்ச நாள்ல உங்க பொண்ணு முகமே தெரியாது."

அன்றைக்கு அவர் மனைவி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "வேற வேலை கேளுங்க. எப்படியாவது கேளுங்க" என்றாள். கண் போனால் நிறம் தெரியாது, நிறம் தெரியாதவன் அடுப்பு மாஸ்டர் இல்லை என்று வெளியே சொல்ல அவர் நாக்கு எழவில்லை. யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் தெய்வம் கொண்டுவந்து கொடுத்த மாதிரி சூப்பர்வைசர் வேலை காலியானது. மேனேஜர் கூப்பிட்டார். இவர் புது மேனேஜர், சின்ன வயது, மரியாதை தெரிந்தவர்.

"உக்காருங்க மாஸ்டர்."

"நிக்கறேன் சார். உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்."

"இந்தத் தடவை உங்களை விட்டுட்டு இன்னொருத்தரைப் போட்டா எனக்கே நல்லா இருக்காது. சூப்பர்வைசர் போடற அந்த வெள்ளைக் கோட்டு உங்களுக்குத்தான். ஒரே ஒரு விஷயம். அடுப்பை யார் பாப்பாங்க? நீங்களே ஒரு ஆளைத் தயார் பண்ணிக் குடுங்க. அவர் ஓட்டறத முதலாளி ஒரு தடவை பாத்துட்டார்னா, மறுநாளே உங்க பேர்ல ஆர்டர்."

கண்ணாடி அறை. மின்விசிறி. வெள்ளைக் கோட்டு. அனல் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி கடைக்குப் போய்க் கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்துவிட்டாள். சூப்பர்வைசர்கள் ஷூ போடுகிறார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஆர்டர் வரட்டும்டி."

"வரும்போது கால் வெறுங்காலா இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேன், இனிமே என் வீட்டுக்காரருக்கு உக்காந்த வேலைன்னு."

கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு முன்னாள் லாரி டிரைவர். இடுப்பு வலி என்று லாரியை விட்டவர். கம்பெனியில் எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். பெரிய உடம்பு, பெரிய குரல், வாய் ஓயாது.

"எனக்கு இதெல்லாம் பயமே இல்ல மாஸ்டர். லாரில கியர் எங்க விழும்னு குமிழ் மேலயே எழுதியிருக்கும். இங்கயும் எழுதித்தான் இருக்கு."

"அதைப் பாக்காதே. அடுப்பைப் பாரு."

"அடுப்புல என்ன பாக்கறது?"

"வாசனை புடி."

"காலைலேருந்து ஒரே வாசனைதானே வருது. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி என்னை பிஸ்கட்டுன்னு கூப்பிடறா."

மாஸ்டர் புறங்கையை இரும்பில் வைக்கச் சொன்னார். டிரைவர் வைத்தார், சுட்டுக்கொண்டார், ஊதிக்கொண்டார். "இதுல சூடு இருக்குன்னு மட்டும் தெரியுது மாஸ்டர். அது தொடாமலே தெரியும்."

சொல்லித் தர உண்மையாகவே முயன்றார். இந்தக் குமிழைக் கொஞ்சம், அதை இவ்வளவு என்று கையால் காட்டுவார். டிரைவர் தகட்டைப் பார்த்து எவ்வளவு என்று கேட்பார். பதில் சொன்னால் பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் பாடம் இல்லை. ஒரு நாள் டிரைவர் கண்ணாடி ஜன்னலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், குமிழ் ஒண்ணுல இருக்கு. தீ இவ்ளோ உசரமா எரியுதே?"

"காத்து இழுக்குது" என்றார் மாஸ்டர். ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை மேனேஜர் அறை வாசல்வரைக்கும் போனார். போனால் அந்தப் பழைய துணையாள் கண்முன்னால் வந்து நின்றார், நம்பர் சரியாத்தான் சார் வெச்சேன் என்று. இத்தனை வருஷம் கருகின மாவு எல்லாம், போன பிழைப்பு எல்லாம் தன் தலையில் வந்து விழும். சூப்பர்வைசர் கோட்டு என்ன, உடுத்தியிருக்கிற சட்டையோடு வெளியே தள்ளுவார்கள். திரும்பி வந்துவிடுவார்.

டீ நேரத்தில் பேக்கிங் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேக்கிங் பகுதி முழுக்க அவளிடம் வேலை பழகினவர்கள்தான். அங்கே மட்டுமில்லை, மாவு அறையில், கிடங்கில், எங்கே பார்த்தாலும் அவள் பழக்கிவிட்ட ஆட்கள். மாஸ்டருக்கு அவளைப் பற்றி ஒரு இளக்காரம் உண்டு. தெரிந்ததையெல்லாம் தெருவில் கொட்டுகிறவள் என்று.

"என்னண்ணே, டிரைவர் கத்துக்கிட்டாரா?"

"மண்டைல ஏறல."

"ஏறாதவங்கன்னு யாரும் இல்லண்ணே. நாமதான் எங்கயோ இடிக்கறோம்."

"நீ மட்டும் எப்படி எல்லாருக்கும் அள்ளிக் குடுக்கறே? நாளைக்கு உன் இடத்துல வந்து உக்காந்துக்கிட்டா?"

அவள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "நான் என்ன பெருந்தன்மைலயா சொல்லிக் குடுக்கறேன்? இந்தக் காலைப் பாருங்க. இன்னொருத்தி நின்னாத்தானே நான் உக்கார முடியும். வந்து உக்காரட்டும்னுதான் கெடந்து அடிச்சுக்கறேன்."

அந்தப் பேச்சு அவரை வீடுவரைக்கும் துரத்தியது. தன் வேலையில் வந்து ஒருவன் நிற்கட்டும் என்று அவள் வேண்டிக்கொள்கிறாள். அவரோ வாழ்நாள் முழுக்க அதற்கு எதிராகவே காவல் காத்திருக்கிறார். இரவெல்லாம் புரண்டதில் ஒரு வழி தோன்றியது. குமிழ்களை நேராக்கிவிட்டால்? ஆரம்பத்தில் இருந்த மாதிரி தகடும் தீயும் ஒன்றாகிவிட்டால், டிரைவர் எண்ணைப் பார்த்து ஓட்டிக்கொள்வார். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம்.

விடுமுறை நாளில் ஆறிய அடுப்பைத் துடைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே கூரை, அதே திருப்புளி. ஒவ்வொரு வால்வையும் இறுக மூடி, குமிழைக் கழற்றி, பூஜ்யத்தில் நேராக மாட்டினார். கண் தெரியாததால் திருகாணிகளை விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முடித்தபோது நெஞ்சில் இருந்த பாறையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு வீட்டில் அவர் சிரித்துப் பேசியதைப் பார்த்து மனைவி ஷூவை எடுத்துத் துணியால் துடைத்துவைத்தாள்.

அடுத்த நாள் டிரைவர் ஓட்டுவதைப் பார்க்க முதலாளியும் மேனேஜரும் வந்து நின்றார்கள். அன்றைய மாவு நான் இறக்கியது. மாவில் ஒரு குற்றமும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் வேலையாட்கள். மாஸ்டர் காலையில் எடுத்துக்கொடுத்த, இயந்திரத்தோடு வந்த பழைய அட்டையைப் பார்த்து டிரைவர் எண்களை வைத்தார். அந்த அட்டை எப்போதோ மஞ்சளாகிப்போனது. அதை நம்பினவர் ஒருவர்தான், அவரைத்தான் வெளியே அனுப்பிவிட்டார்களே. மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிஸ்கட் வந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதலாளி ஒன்றை எடுத்து உடைத்துத் தின்றார், தலையசைத்தார். பேக்கிங் அக்கா தூரத்திலிருந்து மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், முடிந்தது. இன்னும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொண்டே நின்றிருந்தால் அந்த மனிதருடைய வாழ்க்கை வேறு.

"நல்லா இருக்கு" என்றார் முதலாளி. "நிறம் ஒரு பொடி கூடலாம். மாஸ்டர் போட்டா வருமே, அந்த நிறம்."

டிரைவர் குமிழுக்குக் கை நீட்டினார். அத்தனை பேர் முன்னால், மாஸ்டர் போட்டால் வருகிற நிறம் என்று முதலாளி வாயால் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவரால் நிற்க முடியவில்லை.

"தள்ளு. நான் காட்டறேன்."

புறங்கையை இரும்பில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். கண்ணை மூடினார். கை போய்க் குமிழைப் பிடித்தது, பிடித்து, இத்தனை வருஷமாக ஒரு பொடி நிறம் கூட்ட எங்கே போய் நிற்குமோ அங்கே போய் நின்றது. குமிழை நேராக்கியது அவர் மூளைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்துக் குமிழையும் திருப்பினார், அதற்கடுத்ததையும்.

தீ பொங்கி எழுந்தது. ஜன்னலில் அது தெரிந்திருக்கும், கண் இருந்தால். அவருக்கு எப்போதும் தெரிகிற அதே மங்கல்தான் தெரிந்தது. முதலில் வாசனை மாறியது. பிறகு கூரைக்குக் கீழே புகை பரவியது. பெல்ட்டின் அந்த முனையில் கறுப்பு வில்லைகள் வரிசை வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. பேக்கிங் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு விலகினார்கள்.

"என்ன மாஸ்டர் இது?" என்றார் மேனேஜர்.

"சரியாத்தான் சார் வெச்சேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

டிரைவர் இருமிக்கொண்டே தகட்டைப் பார்த்தார். "இது எட்டுல இருக்கு சார். அட்டைல நாலுன்னுதான் போட்டிருக்கு." ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். கொஞ்ச நேரத்தில் புகை அடங்கியது. பிஸ்கட் மறுபடி பொன்னாக வந்தது. யாரும் மாஸ்டரைப் பார்க்கவில்லை; அவரைப் பார்க்காமலிருக்க எல்லோரும் பிஸ்கட்டையே பார்த்தார்கள்.

மேனேஜர் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனார். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தத் தடவை மாஸ்டர் உட்கார்ந்தார்.

"உடம்பு ஏதாவது முடியலையா? எங்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கா இப்படி ஆகும்?"

இரண்டு உண்மைகள் அவரிடம் இருந்தன. குமிழைச் சொன்னால் குற்றவாளி. கண்ணைச் சொன்னால் நோயாளி. ஒரு மூச்சில் முடிவு செய்துவிட்டார்.

"கண்ணு சார். கொஞ்ச நாளாவே சரியில்ல. டாக்டர் அனல் ஆகாதுன்னுட்டார்."

மேனேஜர் முகம் நிஜமாகவே வாடியது. கையைப் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மாஸ்டர்? சூப்பர்வைசர்னா நிறம் பாத்துத்தானே சரக்கை விடணும். கண்ணு இல்லாம எப்படி?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. யாராவது அநியாயம் செய்திருந்தால் மாஸ்டர் சண்டை போட்டிருப்பார்.

வெள்ளைக் கோட்டு பேக்கிங் அக்காவுக்குப் போனது. அவளை அங்கிருந்து எடுத்தாலும் பேக்கிங் ஒரு நாள்கூட நிற்காது, அவ்வளவு பேரைப் பழக்கியிருக்கிறாள் என்று மேனேஜர் முதலாளியிடம் சொன்னாராம். கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் முதலில் வந்தது மாஸ்டரிடம்தான்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கண்ணே. நான் கேக்கல."

"எனக்குத் தெரியும்மா. காலுக்கு நல்லது" என்றார்.

அவருக்குப் பெல்ட் முனையில் ஒரு மேசை கொடுத்தார்கள். உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கித் தனிப்பையில் போட வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை, அனல் இல்லாத இடம். மனைவி தெருவில் சொல்லியது ஒருவிதத்தில் பலித்துவிட்டது. நிறம் தெரிய வேண்டாம், விரலால் தடவினால் உடைசல் தெரியும். தூரத்தில் டிரைவருடைய பெரிய குரல் கேட்கும். மாவு அறையிலிருந்து வந்த இரண்டு பேருக்கு அவர் அடுப்பைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு மந்திரமும் இல்லப்பா. நம்பரைப் பாரு, தீயைப் பாரு. எனக்கே வந்துடுச்சு, உனக்கு வராதா?"

அவர்கள் சிரிப்பார்கள். மாஸ்டர் தலையைத் தூக்காமல் பொறுக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பழைய துணையாள் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒருவர் இருவரிடம் விசாரித்துப் பார்த்தார். யாருக்கும் அவர் முகமே நினைவில்லை. புது மேனேஜருக்கு அப்படி ஓர் ஆள் இருந்ததே தெரியாது. மன்னிப்புக் கேட்கக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

வீட்டில் ஷூ பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. கூடத்துப் போட்டோவைக் காட்டி இப்போது யாரிடமும் அவர் பேசுவதில்லை. அந்த வெற்றிடம் அவருக்குச் சரியாகத் தெரிவதும் இல்லை. மகள் வந்தால் குரலை வைத்துத்தான் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று கண்டுகொள்கிறார்.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பவில்லை. உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. அவர் நாற்காலியைக் கூடத்தில் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் அவர் லீவு போட்டால், குடிக்கிற காபி ஆறுவதற்குள் போன் வந்துவிடும். இரண்டாவது தடவை அடிக்கும்வரைக்கும் எடுக்காமல் வைத்திருப்பார், அதில் ஒரு சுகம்.

வெயில் ஜன்னலில் ஏறி இறங்க ஆரம்பித்தது. மனைவி உள்ளேயிருந்து இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். அவர் அசையவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்த போன் வேலை செய்யுதான்னு ஒரு தடவை அடிச்சுப் பாரேன்" என்றார்.

அவள் சமையலறையில் தன் போனை எடுத்து அழுத்தினாள். அவர் மடியில் மணி அடித்தது, நன்றாக, சத்தமாக. ஒரு முறை அடித்தது. இரண்டாவது முறை அடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு எடுத்துக் காதில் வைத்தார்.

"ம். சொல்லுங்க."

"நான்தாங்க" என்றாள் அவள். "சாப்பிட வாங்க."